பாதி பழசு, பாதி புதுசு

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்குச் சின்னஞ்சிறு கோப்பு ஒன்றை அனுப்பியது. தவறு தெரிந்து, 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு படுத்துவிட்டன. ஏர் ஏசியா ஊழியர்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் டிக்கெட் முறையும் தடுமாறியது. மலேசியாவில் 5 அரசு அமைப்புகளும், விமானம், வங்கி, மருத்துவத் துறைகளைச் சேர்ந்த 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பிறகு தெரிவித்தார்.

கெமாஸ் போல ரயிலைக் கொண்டே வளர்ந்த ஊருக்கு, டிக்கெட் முறை தடுமாறும் வெள்ளிக்கிழமை சின்ன விஷயமில்லை. சுற்றுத் தோட்டங்களில் பிறந்து கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வார இறுதிக்கு வீடு திரும்பும் நாள் அது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கணினித் துறையில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் மாற்றாதே, படிப்படியாக மாற்று. முடிவு சரிதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் போதவில்லை. மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். மெதுவாகப் போய்க் கெட்டவர்கள் உண்டு. படிப்படியாகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே ஒரே தாவலில் விழுந்தவர்களும் உண்டு. கிரவுட்ஸ்டிரைக்கின் வாடிக்கையாளர்களில் பலர் அந்த இரண்டாவது வகை. ஆகவே இந்த முறை நமக்கு என்ன தருகிறது, பதிலுக்கு என்ன கேட்கிறது என்று எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும்.

செய்முறை எளிது. பல சர்வர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் கூட்டத்தைக் கிளஸ்டர் என்கிறோம். அதில் ஒரு சர்வருக்குப் புதிய வேலை வராமல் தடுத்து, கையில் இருப்பதை முடிக்க விடுகிறோம். பிறகு அதன் இயங்குதளத்தை மாற்றி, மறுபடி இயக்கி, சோதித்துக் கூட்டத்தில் சேர்க்கிறோம். அப்புறம் அடுத்தது. வெளியே காத்திருப்பவருக்கு எதுவும் நின்றதாகத் தெரியாது.

1000 சர்வர் உள்ள இடத்தில் 10 சர்வரை எடுத்தால் யாருக்கும் உறைக்காது. 3 சர்வர் உள்ள இடத்தில் ஒன்றை எடுத்தால் கணக்கு வேறு. பெரும்பான்மை ஒப்புதலோடு தரவை எழுதும் கிளஸ்டரில் மூன்றில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தாக வேண்டும். ஒன்றை மேம்பாட்டுக்காக இறக்கியிருக்கும் அரை மணி நேரத்தில் இன்னொன்று பழுதானால், மிச்சமிருக்கும் ஒன்று எதையும் எழுத மறுத்துவிடும். சிறிய இடங்களுக்குப் பாதுகாப்பான வழி, புதிய இயங்குதளத்தோடு நாலாவது சர்வர் ஒன்றை முதலில் சேர்ப்பது; அது ஒத்துவந்த பிறகே பழைய சர்வர் ஒன்றை உறுப்பினர் பட்டியலிலிருந்து முறைப்படி நீக்குவது. அதாவது படிப்படி முறைக்கு உபரி இயந்திரம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இந்த முறையைப் புகழும்போது இந்தச் செலவு பேச்சில் வருவதில்லை. அவர்களிடம் உபரி எப்போதும் இருக்கிறது.

கிரவுட்ஸ்டிரைக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் தன் முதன்மை மென்பொருளின் புதிய பதிப்புகளைப் படிப்படியாகத்தான் வெளியிட்டு வந்தது. ஆகப் புதிய பதிப்பு வேண்டுமா, அதற்கு ஒன்று முந்தியதா, இரண்டு முந்தியதா என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். முக்கியமான சர்வர்களுக்கு முந்திய பதிப்பைத் தேர்ந்தவர்கள் தாங்கள் பத்திரமாக இருப்பதாக நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இன்னொரு வாசல் இருந்தது. புதுப்புதுத் தாக்குதல்களைக் கண்டுபிடிக்க உதவும் விதிக் கோப்புகள் அந்த வாசல் வழியாக எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். யாரையும் கேட்பதில்லை. ஜூலை 19 அன்று போனது அத்தகைய கோப்பு. அந்த வகை விதிக்கு 21 புலங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. அதை இயக்கும் நிரல் 20 மதிப்புகளைத்தான் கொடுத்தது. முந்தைய கோப்புகளில் 21-ஆவது புலத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற குறி இருந்ததால் பிழை வெளியே வரவில்லை. அன்று போன கோப்பு அந்தப் புலத்தை உண்மையாகவே பார்க்கச் சொன்னது. இல்லாத மதிப்பைத் தேடி நினைவகத்தின் எல்லையைத் தாண்டியது நிரல். அது ஓடிக்கொண்டிருந்த இடம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் என்பதால் விண்டோஸே விழுந்தது.

நிரலில் பிழை வருவது புதிதல்ல. என்னைக் கோபப்படுத்துவது வேறு. கோப்பு சேர்ந்த உடனேயே கணினிகள் விழுந்தன. முதலில் ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால், ஆயிரத்தோடு முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. போனது வெறும் தரவு, நிரல் மாறவில்லை என்ற எண்ணம்தான் காரணம். கர்னலுக்குள் போய்ச் சேரும் எதுவும் வெறும் தரவு ஆகாது. இயங்குதளத்தை மட்டும் படிப்படியாக மாற்றிவிட்டு, டிரைவர், பாதுகாப்புச் சான்றிதழ், அமைப்புக் கோப்பு ஆகியவற்றை எல்லா இயந்திரத்துக்கும் ஒரே நொடியில் அனுப்பும் இடங்கள் எல்லாம் இதே பள்ளத்தின் விளிம்பில்தான் நிற்கின்றன. பிறகு அந்த நிறுவனமே விதிக் கோப்புகளையும் கட்டம் கட்டமாக அனுப்புவதாகவும், எப்போது வாங்குவது என்ற உரிமையை வாடிக்கையாளருக்குத் தருவதாகவும் அறிவித்தது.

படிப்படி முறைக்கு ஆதரவான சாட்சியம் இது. எதிர்த்தரப்புக்கும் வலுவான சாட்சியம் இருக்கிறது, அதைக் கெமாஸ் சந்திப்பிலேயே பார்க்கலாம். சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை 98 கிலோமீட்டருக்கு மின்மயமான இரட்டைத் தண்டவாளம் 2013-இல் முடிந்தது. கட்டியது இந்தியாவின் இர்கான் நிறுவனம். கெமாஸுக்குத் தெற்கே பழைய ஒற்றைத் தண்டவாளமும் டீசல் எஞ்சினும் அப்படியே இருந்தன. 2016 முதல் வடக்கிலிருந்து மின்ரயிலில் வருகிறவர் கெமாஸில் இறங்கி, பெட்டி படுக்கையோடு டீசல் ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் மின்ரயில் சிகாமட் வரை போயிற்று, ஆகஸ்டில் குளுவாங், டிசம்பரில் ஜொகூர் பாரு. தும்பாட்டுக்குப் போகும் கிழக்குக் கரைப் பாதை இன்றும் டீசல்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் பாதையை இப்படிப் பகுதி பகுதியாக மாற்ற முடிந்ததற்கு ஓர் அடிப்படை உண்டு. தண்டவாளத்தின் அகலம் மாறவில்லை. பழையதும் புதியதும் ஒரு மீட்டர். டீசல் ரயில் புதிய பாதையிலும் ஓடும். மின்ரயில் பழைய பாதையில் ஓடாது. ஒத்துப்போதல் என்பது பல நேரம் இப்படி ஒரு திசையில்தான் வேலை செய்யும், எந்தத் திசை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குபெர்நெட்டிஸ் என்ற கிளஸ்டர் மேலாண்மை மென்பொருள் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது: தலைமைப் பகுதியை முதலில் மேம்படுத்து; வேலை செய்யும் சர்வர்களில் உள்ள முகவர் நிரல் அதைவிடப் பழையதாக இருக்கலாம், 1.28 பதிப்பிலிருந்து மூன்று பதிப்புகள் வரை. ஒருபோதும் அதைவிடப் புதியதாக இருக்கக் கூடாது.

ரயில் பாதையின் அந்தப் பல ஆண்டு இடைக்காலத்தின் செலவை யார் சுமந்தார்கள் என்று கேட்டால், திட்டம் போட்டவர்கள் இல்லை. நடைமேடையில் பெட்டியோடு நின்ற பயணி சுமந்தார். கிளஸ்டரிலும் அப்படியே. பாதி பழசும் பாதி புதுசுமாக இருக்கும் மாதங்களில் இரவு வேலைக்காரர் இரண்டு இயங்குதளங்களின் நோய்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத கலப்பு. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2018 ஆகஸ்டில் 2.28 பதிப்பை வெளியிட்டபோது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை உலகத் தரத்துக்கு ஏற்பப் புதுப்பித்தது. 2019-இல் வந்த டெபியன் 10, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டும் இந்த மாற்றத்தை உள்ளே கொண்டுவந்தன. ஒரு சின்ன உதாரணம்: ஆங்கில அமைப்பில் ‘11’ முன்னாலும் ‘1-1’ பின்னாலும் வந்தது பழைய முறை. புதிய முறையில் ‘1-1’ முன்னால் வருகிறது. இதனால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் அட்டவணைகளை, அதாவது இண்டெக்ஸ்களை, இயங்குதளம் சொல்லும் வரிசையில் அடுக்கி வைக்கிறது. முதன்மைச் சர்வர் பழைய இயங்குதளத்தில் இருக்க, நகல் சர்வரைப் புதியதற்கு மாற்றினால், பழைய வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸ் அச்சுப் பிசகாமல் புதிய சர்வருக்கு வந்து சேரும். அங்கே தேடல் நடப்பது புதிய வரிசையில். அடையாள அட்டை எண்களைச் சிலருக்குக் கோடு போட்டும் சிலருக்குப் போடாமலும் பதிந்து வைத்திருக்கும் பட்டியலை நினைத்துப் பாருங்கள். ஆள் இருக்கிறார், கணினி ‘இல்லை’ என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிறகு அந்த நகலை முதன்மையாக்கினால், ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் பதியவும் அது விடலாம்.

படிப்படி முறையை அப்படியே நம்புகிறவர்களுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே இரவில் நிறுத்தி, மாற்றி, இண்டெக்ஸை மறுபடி கட்டியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. படிப்படியாகப் போனதால்தான் வந்தது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். சரியான விடையைச் சொல்கிறதா என்று கேட்கும் சோதனை பெரும்பாலான இடங்களில் இல்லவே இல்லை.

கலப்பு நிலை ஒரு நிறுவனத்தையே கவிழ்த்த கதையும் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தில் 8 சர்வர்களுக்குப் புதிய நிரல் போயிருக்க வேண்டும், 7-க்குத்தான் போயிருந்தது. புதிய நிரல் தனக்காக எடுத்துக்கொண்ட ஒரு குறி, விடுபட்ட எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகத் தூங்கிய பழைய நிரலைத் தட்டி எழுப்பியது. 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, இடையே அவர்கள் எடுத்த ஒரு முடிவு. சிக்கல் புதிய நிரலில் இருப்பதாக எண்ணி, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழிலிருந்தும் அதை நீக்கினார்கள். அந்த ஏழும் எட்டாவதைப் போலவே நடக்க ஆரம்பித்தன. பழையதற்குத் திரும்பும் வழி இருப்பதே படிப்படி முறையின் பெரிய வாக்குறுதி. வந்துகொண்டிருக்கும் செய்திகளும் எழுதப்பட்ட தரவும் பழைய நிரலுக்குப் புரிகிற வரையில்தான் அந்த வழி திறந்திருக்கும்.

அப்படியானால் ஒரே வீச்சில் மாற்றுவது மேலா? பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி அதைத்தான் செய்தது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் பழைய முறையிலிருந்து தன் தாய் நிறுவனமான சபாடெல் கட்டிய புதிய முறைக்கு மாற்றியது. திங்கட்கிழமை லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. வங்கிக்கு ஆன செலவு 33 கோடி பவுண்டு. 2022-இல் விதிக்கப்பட்ட அபராதம் தனியாக 4.86 கோடி. இரண்டு தரவு மையங்களில் ஒன்றை மட்டுமே சுமை ஏற்றிச் சோதித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. நைட்டின் பிழை ஒரு சர்வரைத் தனியே பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். டிஎஸ்பியின் பிழைகளைப் பிடிக்க உண்மையான சுமை தேவைப்பட்டது. அந்தச் சுமை முதன்முதலாக வந்தபோது எல்லா வாடிக்கையாளரும் ஒன்றாக உள்ளே இருந்தார்கள். ஒரே வீச்சு முறையின் தீராத குறை இதுதான், திறமையால் சரிக்கட்ட முடியாது.

இந்தத் துறையில் நான் மதிக்கும் முன்மாதிரி கூகிள் செய்தது. ரெட் ஹேட் 7.1 என்ற 2001-ஆம் ஆண்டுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஆயிரக்கணக்கான சர்வர்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், அதிலிருந்து பத்தாண்டு புதிய டெபியன் அடிப்படைக்கு, சேவையை நிறுத்தாமல் மாறினார்கள். 2013-இல் கணினி நிர்வாகிகளின் லிசா மாநாட்டில் கூகிளின் மார்க் மெர்லின் அதை விவரித்தார். அங்கே ஒரு சர்வரையும் மொத்தமாகத் துடைத்துப் புதிதாக நிறுவவில்லை. புதிய மென்பொருள் பொதிகளை ஒவ்வொன்றாகப் பழைய அமைப்புக்குள் நுழைத்தார்கள். வேண்டாத பொதிகளை முதலில் களைந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் சில இயந்திரங்களில் தொடங்கி எல்லாவற்றுக்கும் பரவியது. பல ஆண்டு உழைப்பு. எந்த நாளிலும் எல்லா இயந்திரங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன என்பதே இதன் அழகு. இயங்குதளம் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் ‘பாதிக் கூட்டம் பழசு, பாதிக் கூட்டம் புதுசு’ என்ற நிலை நீடிக்கவில்லை. படியை மிகச் சிறிதாக்கினால் இடைக்காலக் கலப்பும் சிறிதாகிவிடுகிறது.

இந்த முன்மாதிரியை எடுத்துக்காட்டும் பலர் அதன் முன்நிபந்தனையைச் சொல்வதில்லை. கூகிளின் இயந்திரங்கள் ஒரே மூலப் பிரதியிலிருந்து கோப்பு கோப்பாக ஒத்திசைக்கப்பட்டவை. யாரும் ஏதோ ஒரு சர்வரில் நுழைந்து கையால் எதையும் மாற்றி வைத்து விட முடியாது. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் அலுவலகத்தில் முதல் கணினியின் வெற்றி இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லாது. அங்கே முதல் வேலை எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருவது. மேம்பாடு அதற்கு அப்புறம்.

மெதுவாகப் போகிறோம் என்ற பெயரில் போகாமலே இருப்பதையும் எடைபோட வேண்டும். விண்டோஸின் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வான்னாகிரை என்ற தீம்பொருள் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவி, இங்கிலாந்தில் மட்டும் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80-ஐப் பாதித்தது. இரண்டு மாதம் கிடைத்தும் பல இடங்களில் முதல் படிகூட எடுத்து வைக்கப்படவில்லை. அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் படிகள் வேண்டாம் என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. கிரவுட்ஸ்டிரைக் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. அவசரத்தில் படிகளுக்கு இடைப்பட்ட காத்திருப்பை நாளிலிருந்து மணிக்கும், மணியிலிருந்து நிமிடத்துக்கும் சுருக்கலாம். படியை எடுத்துவிடக் கூடாது.

என் தீர்ப்பு படிப்படி முறையின் பக்கம்தான், நிபந்தனையோடு. அதன் பலம் மெதுவாக நடப்பதில் இல்லை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நின்று, விடை சரியா என்று கேட்டு, சரியில்லை என்றால் திரும்பி வர முடிவதில் இருக்கிறது. திரும்பும் வழி மூடிவிடும் இடத்தில், குறிப்பாகத் தரவின் வடிவமோ வரிசையோ மாறும் இடத்தில், படிப்படி என்பது பெயரளவுதான். அங்கே ஒரு மணி நேரம் சேவையை அறிவித்து நிறுத்திவிட்டுச் செய்வதே நேர்மை. முடிவு நாள் குறிக்காத படிப்படியை நான் இந்த முறையின் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

இது பெரிய தரவு மையங்களுக்கு மட்டும் உரிய விவகாரம் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. நாலைந்து கணினிகளை வைத்துக்கொண்டு ஒரு தோட்ட அலுவலகம் இந்த மாற்றத்தைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடும் சம்பளமும். ஒன்றில் ஸ்டோர் கணக்கு. ஒன்று எண்ணெய்ப்பனைக் குலை நிறுக்கும் எடைமேடையோடு இணைந்தது. ஸ்டோர் கணினியில் தொடங்கலாம். தினமும் உண்மையாகப் பயன்படுகிறது, ஒரு நாள் நின்றாலும் யாருக்கும் கூலி தவறாது. எடைமேடைக் கணினியைக் குலை அதிகம் வரும் மாதங்களில் தொடக் கூடாது. சம்பளக் கணினி கடைசி.

இரண்டு படிகளுக்கு நடுவே எத்தனை நாள் காத்திருப்பது என்ற கேள்விக்குப் பெரிய நிறுவனங்களின் வழிகாட்டிகள் மணிக்கணக்கில் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் இங்கே பொருந்தாது. செக்ரோலை மூடுவது மாதம் ஒருமுறை. ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோ சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் பணம் கட்டுவது 15-ஆம் தேதிக்குள், அதுவும் மாதம் ஒருமுறை. மாதம் ஒருமுறை ஓடும் வேலை கெட்டிருப்பதை இரண்டு நாள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சம்பள மென்பொருளை முதலில் புதிய இயங்குதளமுள்ள ஒரு கணினியில் பழையதோடு இணையாக ஓட்டி, ஒரு முழு மாதத்தின் கணக்கை இரண்டிலும் போட்டு, ஆள் ஆளாக ஒப்பிட வேண்டும். ஒரு காசு வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும் வரை பழைய கணினிதான் சம்பளம் போட வேண்டும். ஒத்துவந்தால் அடுத்த மாதம் புதியது. பழைய கணினியின் வட்டை அழிக்காமல், வலைக் கம்பியைக் கழற்றி, இன்னொரு சம்பளத் தேதி தாண்டும் வரை அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.